தசம எண்ணின் மீதி தவறாக வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முழு எண்களில் மீதி காண்பது பள்ளிக்கூடக் கணக்கு. 17-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. நிரல் மொழிகளில் இந்த மீதியைத் தரும் % குறியை 5.5, 0.1 போன்ற எண்களுக்கு நடுவே போட்டதும் விடை கோணலாக வரத் தொடங்குகிறது. உடனே எல்லாரும் சந்தேகப்படுவது % குறியைத்தான். பெரும்பாலும் அது நிரபராதி. எஃப்மாட் (fmod, தசம எண்களுக்கு மீதி காணும் சார்பு) வகை மீதியில் தோராயம் என்பதே கிடையாது. கையில் கொடுத்த இரண்டு எண்களுக்கும் உரிய மீதியைக் கடைசி பிட் வரை சரியாகத் தரும். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும்கூட அந்தப் பெருமை இல்லை. ஆகவே தவறைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டு: உள்ளே போன எண் நாம் நினைத்த எண் அல்ல, அல்லது ஈவை முழு எண்ணாக்கிய முறை நாம் நினைத்த முறை அல்ல.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். முதலாவது, வகுபடும் எண், வகுக்கும் எண் இரண்டையும் தசமப் புள்ளிக்குப் பின் 20 இலக்கம் வரை அச்சிட்டுப் பாருங்கள். மொழி வழக்கமாகக் காட்டும் சுருக்க வடிவத்தை நம்பாதீர்கள். அது உள்ளிருப்பதை முழுமையாகக் காட்டாது. இரண்டாவது, கீழ்க்கண்ட நான்கு கணக்கையும் உங்கள் மொழியில் ஓட்டிப் பாருங்கள்:

(5.5) % 2, (−5.5) % 2, (5.5) % (−2), (−5.5) % (−2)

1.5, −1.5, 1.5, −1.5 என்று வந்தால் ஈவின் தசமப் பகுதி வெட்டி எறியப்படுகிறது. மீதியின் குறி வகுபடும் எண்ணின் குறி.
1.5, 0.5, −0.5, −1.5 என்று வந்தால் ஈவு கீழ்நோக்கி முழுமையாக்கப்படுகிறது. மீதியின் குறி வகுக்கும் எண்ணின் குறி.
−0.5, 0.5, −0.5, 0.5 என்று வந்தால் ஈவு மிக அருகிலுள்ள முழு எண்ணுக்குப் போகிறது.
1.5, 0.5, 1.5, 0.5 என்று வந்தால் அது யூக்ளிட் முறை. மீதி ஒருபோதும் எதிர்மமாகாது.

அடைப்புக்குறிகளை விட்டுவிடாதீர்கள். ரஸ்ட், கோட்லின் போன்றவற்றில் −5.5 என்று எழுதி அதன்மேல் புள்ளி வைத்து மீதிச் சார்பை அழைத்தால், முதலில் 5.5-க்கு மீதி கண்டு அதற்குப் பிறகுதான் கழித்தல் குறி ஒட்டப்படும். சோதனையே பொய்யாகிவிடும்.

அறிகுறி: மீதமின்றி வகுபட வேண்டிய எண், மீதியோ வகுக்கும் எண்ணளவுக்கே நிற்கிறது

1 % 0.1 என்று கேட்டால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா மூன்றும் ஒரே குரலில் சொல்வது 0.09999999999999995. பூச்சியம் வர வேண்டிய இடம். கொஞ்சம் பிசகியிருந்தால்கூடப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்? நேர் எதிர்முனையில் போய் நிற்கிறதே!

கையால் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். 0.1 என்ற எண்ணை இருமத்தில் முடிவாக எழுத முடியாது. தசம எண்களைச் சேமிக்கும் வழக்கமான வகையான 64 பிட் டபுளில் அதன் இடத்தில் உட்கார்ந்திருப்பது 0.1000000000000000055511... என்ற எண். அதை ஒன்பது முறை எடுத்தால் 0.90000000000000004996... ஆகிறது. பத்தாவது முறை எடுத்தால் 1-ஐத் தாண்டிவிடும், எனவே எடுக்க முடியாது. ஒன்பதோடு நின்றால் எஞ்சுவது 0.09999999999999995004... இதைத்தான் மொழி சொன்னது. கணக்கு சரி, சரக்குதான் வேறு.

இதிலேயே இன்னொரு குழப்பமும் ஒளிந்திருக்கிறது. 1 / 0.1 என்று வகுத்தால் சரியாக 10 வருகிறது. உண்மையான ஈவு 9.99999999999999944...; 10-க்குச் சற்றுக் கீழே டபுள் எண்களுக்கு இடையேயுள்ள இடைவெளி சுமார் 1.78 × 10⁻¹⁵ என்பதால் அந்த ஈவு அருகிலிருக்கும் 10-க்கே ஒதுங்கிவிடுகிறது. அதனால் பைத்தானில் 1 // 0.1 என்பது 9. வகுத்த பிறகு கீழ்நோக்கி முழுமையாக்கினால் 10. ஒரே நிரலில் ஈவை ஒரு வழியிலும் மீதியை இன்னொரு வழியிலும் எடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஈவும் மீதியும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே அழைப்பில் தரும் டிவ்மாட் போன்ற சார்பை எடுங்கள்.

சரிசெய்ய மூன்று வழி. எனக்குப் பிடித்தது முதலாவது.

முழு எண்ணுக்கு மாற்றுங்கள். தொகை, எடை, நீளம் எதுவானாலும் மிகச் சிறிய அலகில் எண்ணிவிட்டால் 1 % 0.1 என்பது 10 % 1 ஆகிவிடும். மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும். 19.99 × 100 என்பது டபுளில் 1998.9999999999998. இதை அப்படியே முழு எண்ணாக வெட்டினால் 1998. ஆகவே பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்து, அதன் பிறகுதான் மீதி. வரிசை மாறக் கூடாது.

அளவீட்டுக் கருவியிலிருந்து வரும் எண்களைப் போல அலகே தெரியாத இடத்தில் சகிப்பளவு (இவ்வளவு பிழை பரவாயில்லை என்ற எல்லை) வையுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மீதி பூச்சியத்துக்கு அருகில் உள்ளதா என்று மட்டும் பார்ப்பது. மேலே கண்டது போல மீதி மறுமுனையிலும் ஒட்டிக்கொள்ளும். இரு முனையையும் பார்க்க வேண்டும் (அ வகுபடும் எண், ந வகுக்கும் எண்):

மீதி = அ % ந
தூரம் = மீதி, ந − மீதி இரண்டில் சிறியது
தூரம் < சகிப்பு எனில்: வகுபடுகிறது

இது நேர்ம எண்களுக்கு. ஈவை வைத்தும் செய்யலாம்: அ / ந என்று வகுத்து, அதற்கும் அருகிலுள்ள முழு எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். எதுவானாலும் சகிப்பளவு எல்லாக் காலத்துக்கும் 10⁻⁹ என்று சிமென்ட் பூசியதுபோல் இருக்கக் கூடாது. ஈவு 10⁹ அளவுக்குப் பெரிதானால் அதிலுள்ள பிழையே 10⁻⁷ அளவுக்கு வந்துவிடும். 10⁻⁹ அப்போது வகுபட வேண்டியதையே மறுத்துவிடலாம். ஈவின் அளவோடு சகிப்பும் வளர வேண்டும்.

மூன்றாவது வழி தசம வகை எண்கள்: பைத்தானின் டெசிமல், ஜாவாவின் பிக்டெசிமல், சி#-இன் டெசிமல். இவற்றில் 1 % 0.1 பூச்சியமே. ஆனால் எண்ணை மேற்கோளுக்குள் எழுத்தாகக் கொடுத்து உருவாக்க வேண்டும் (சி#-இல் எண்ணுக்குப் பின்னால் எம் எழுத்தை ஒட்டினால் போதும்). பைத்தானிலும் ஜாவாவிலும் டபுளாகக் கொடுத்து உருவாக்கினால் அந்த 0.10000000000000000555...-ஐயே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்; பழைய நோய் புது வீட்டில். பைத்தானில் இன்னொரு கண்ணியும் உண்டு: சாதாரண % கீழ்நோக்கும் முறையில் வேலை செய்ய, டெசிமலின் % வெட்டும் முறையில் வேலை செய்கிறது. −7 % 4 என்பது 1. அதே எண்கள் டெசிமலானால் −3. எதிர்ம எண் வரக்கூடிய நிரலில் வகையை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பரிசோதனைக்கு எடுக்கும் எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 0.5, 0.25, 0.125 ஆகியவை இருமத்தில் துல்லியமாக அடங்குபவை. 1 % 0.125 டபுளில் பூச்சியம்தான். இவற்றை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாச் சோதனையும் பச்சை விளக்கு காட்டும். 0.1, 0.3, 0.7 என்று சேர்த்துப் பாருங்கள். 0.3 % 0.1 தருவது 0.09999999999999998.

அறிகுறி: விடை சரிதான், வால் மட்டும் நீள்கிறது

5.4 % 1 = 0.40000000000000036. 5.4-ஆகச் சேமிக்கப்பட்டது 5.40000000000000035527... அதில் 5-ஐ எடுத்ததும், இவ்வளவு நேரம் அச்சில் மறைந்திருந்த வால் வெளியே தெரிகிறது. காட்டும்போது வேண்டிய இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் போதும். ஒப்பிடும்போது சமக்குறி போடாதீர்கள்.

அறிகுறி: எதிர்ம எண் வந்ததும் விடை தலைகீழாகிறது

வேறு மொழிக்கு நிரலை மாற்றியபோது தொடங்கிய கோளாறு என்றால் பெரும்பாலும் இதுதான். சி, சி++, ஜாவா, சி#, ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் ஆகியவற்றில் வெட்டும் முறை; பைத்தான், ரூபி, லுவா ஆகியவற்றில் % கீழ்நோக்கும் முறை. எக்ஸெலின் மாட் சார்பும் கீழ்நோக்குவதே. ஃபோர்ட்ரான் இரண்டையும் வைத்திருக்கிறது: மாட் வெட்டும், மாடுலோ கீழ்நோக்கும், இரண்டுமே தசம எண்களை ஏற்கும். ஷேடர் (திரையில் படம் வரையும் வரைகலை நிரல்) எழுதுபவர்களுக்கு இதே பொறி வேறு பெயரில்: ஜிஎல்எஸ்எல்-இன் மாட் கீழ்நோக்கும், ஹெச்எல்எஸ்எல்-இன் எஃப்மாட் வெட்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு போனால், ஆயத்தின் நேர்மப் பக்கம் வடிவம் அழகாகத் திரும்பத் திரும்ப வரும். பூச்சியத்தைத் தாண்டி இடப்பக்கம் போனதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் உடையும்.

பெயரை நம்பி ஏமாறும் இன்னொரு இடம் பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பை (NumPy). அதன் ரிமெய்ண்டர் கீழ்நோக்கும் முறை. பைத்தானின் மேத் தொகுதியிலுள்ள ரிமெய்ண்டரோ அருகிலுள்ள முழு எண்ணைப் பிடிக்கும் முறை. ஒரே பெயர், ஒரே மொழி, ஒரே கோப்பு, விடை வேறு. நம்பையின் எஃப்மாட் மட்டும் சொன்ன சொல் தவறாமல் வெட்டும்.

வெட்டும் மொழியில் 0 முதல் ந வரை மீதி வேண்டுமென்றால் பலர் எழுதுவது ((அ % ந) + ந) % ந. வேலை செய்யும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அ என்பது 10⁻¹⁷, ந என்பது 360 என்று வையுங்கள். 360-ஐக் கூட்டியதுமே அந்தச் சிறு எண் கரைந்துபோகிறது; விடை பூச்சியம். எந்தத் திருத்தமும் தேவைப்படாத நேர்ம எண்ணையும் கெடுத்துவிட்டோம். ஆகவே தேவைப்படும்போது மட்டும் கூட்டுங்கள்:

மீதி = அ % ந
மீதி < 0 எனில்: மீதி = மீதி + ந
மீதி >= ந எனில்: மீதி = 0

மூன்றாவது வரி எதற்கு என்பது அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: மீதி, வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவே வருகிறது, அணி எல்லை தாண்டிய பிழை எப்போதாவது எழுகிறது

மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது என்பதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். பைத்தானில் −10⁻¹⁷-ஐ 360-ஆல் வகுத்து % கேளுங்கள்: 360.0 வரும். கணிதப்படி விடை 360-ஐவிட இம்மியளவு குறைவு. அந்த இம்மியைச் சேமிக்க டபுளில் இடமில்லை, ஆகவே 360-க்கே ஒதுங்குகிறது. தோராயமில்லாத எஃப்மாட் விடையின்மேல் குறியைத் திருத்த ஒரு கூட்டல் நடக்கிறதே, தோராயம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். ரஸ்டின் ரெம் யூக்ளிட் சார்பிலும் இது நேரும்.

கோணத்தை 360 கட்டங்கள் உள்ள அணியின் எண்ணாக மாற்றும் நிரலில் இது பல லட்சம் அழைப்புக்கு ஒருமுறை வெடிக்கும். உள்ளீடு பூச்சியத்துக்கு மிக அருகில், எதிர்மப் பக்கத்தில் இருந்தால் மட்டுமே நடப்பதால் திரும்ப நிகழ்த்திக் காட்டுவது கடினம். மேலேயுள்ள மூன்றாவது வரியைச் சேர்த்தால் நிற்கும். பைத்தானிலும் % போட்டபின் அதே ஒப்பீட்டை வையுங்கள்.

அறிகுறி: இரண்டும் நேர்ம எண்கள், மீதி எதிர்மம்

கணினித் தசமக் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரம் வரையறுத்த மீதியைத் தெரியாமல் அழைத்திருக்கிறீர்கள். சி-யின் ரிமெய்ண்டர், சி# மற்றும் ஜாவாவில் ஐஇஇஇரிமெய்ண்டர், பைத்தானில் மேத்.ரிமெய்ண்டர், ஸ்விஃப்டில் ரிமெய்ண்டர் எல்லாம் இந்த இனம். 5.5 ÷ 2 = 2.75, அருகிலுள்ளது 3, ஆகவே மீதி 5.5 − 6 = −0.5. சரிபாதியில் நின்றால் இரட்டை ஈவைப் பிடிக்கும்: 3-க்கும் 2-க்கும் −1, 5-க்கும் 2-க்கும் +1. வழக்கமான மீதிக்கு எஃப்மாட் பக்கம் போங்கள். ஆனால் கோணத்தை −180 முதல் 180-க்குள் கொண்டுவர இதைவிட நல்ல கருவி இல்லை: 190-ஐக் கொடுத்தால் −170.

அறிகுறி: தொகுப்பியே மறுக்கிறது, அல்லது தசமப் பகுதி காணாமல் போகிறது

மறுப்பவை நல்லவை. சி, சி++, கோ, ஸ்விஃப்ட் ஆகியவை தசம எண்ணில் % போட்டால் தொகுக்கவே மாட்டா. சி-யிலும் சி++-இலும் எஃப்மாட், கோவில் மேத்.மாட், ஸ்விஃப்டில் ட்ரங்கேட்டிங்ரிமெய்ண்டர். லினக்ஸில் சி நிரலை இணைக்கும்போது கணித நூலகத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கலாம். எஸ்கியூஎல் சர்வரும் போஸ்ட்கிரெஸும் ஃப்ளோட் வகையில் % ஏற்பதில்லை; நியூமெரிக் வகைக்கு மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

மறுக்காமல் வெட்டுபவைதான் ஆபத்து. பிஹெச்பி-யில் 5.5 % 2.5 என்பது 5 % 2 ஆகி 1 தரும், சரியான 0.5 வேண்டுமானால் எஃப்மாட். அதே பிஹெச்பி-யில் 5 % 0.5 என்று போட்டால் 0.5 வெட்டுப்பட்டு 0 ஆகி, பூச்சியத்தால் வகுத்த பிழை எழும். பூச்சியமே இல்லாத இடத்தில் அந்தப் பிழையைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். பெர்லின் % குறியும் முழு எண்ணுக்கானது. எக்ஸெலின் மேக்ரோ மொழியான விபிஏ-வின் மாட் வெட்டுவதில்லை, ரவுண்ட் செய்கிறது: 19 மாட் 6.7 என்றால் 6.7 என்பது 7 ஆகி விடை 5. அதே எக்ஸெல் கோப்பின் அறையில் மாட் சார்பை எழுதினால் 5.6. மேக்ரோவும் அறையும் முரண்பட்டால் இங்கே பாருங்கள்.

லினக்ஸில் உள்ள பிசி (bc) என்ற கட்டளைவரிக் கணிப்பானில் வேறு கதை. கணித நூலகத்தோடு திறந்தால் ஸ்கேல் (தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களின் எண்ணிக்கை) 20 ஆகிவிடும்; 10 % 3 கேட்டால் .00000000000000000001 வரும். 20 இலக்கம் வரை வகுத்த பிறகு எஞ்சியதைத்தான் அது மீதி என்கிறது. ஸ்கேலை 0 ஆக்கினால் 1 வரும்.

அறிகுறி: எண்ணுக்குப் பதில் நேன், அல்லது முடிவிலி

வகுக்கும் எண் 0.0 ஆனால் சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் ‘எண்ணே அல்ல’ என்று பொருள்படும் நேனைத் தரும். நிரல் நிற்காது, நேன் எல்லாக் கணக்கிலும் பரவும். பைத்தான் பிழை எழுப்பி நின்றுவிடும். வகுபடும் எண் முடிவிலியானாலும் நேன்தான். வகுக்கும் எண் முடிவிலியானால் வெட்டும் முறையில் வகுபடும் எண் அப்படியே திரும்பி வரும். பைத்தானின் % குறியோ −1-க்கு முடிவிலியையே தரும். ‘வரம்பே இல்லை’ என்பதைக் குறிக்க முடிவிலியை வகுக்கும் எண்ணாக வைக்கும் பழக்கமிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: தொடக்கத்தில் சரி, நேரம் ஆக ஆக, எண் பெரிதாகப் பெரிதாகப் பிசகுகிறது

முதலில் கூட்டிக்கொண்டே போகும் நிரல்கள். 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் டபுளில் 0.9999999999999999. அதை % 1 செய்தால் பூச்சியம் வராது. ‘ஒவ்வொரு நொடிக்கும் ஒருமுறை’ நடக்க வேண்டியது ஓர் அடி தாமதமாகும் அல்லது தவறிப்போகும். அடிகளை முழு எண்ணாக எண்ணி, அந்த எண்ணிக்கையை % 10 செய்யுங்கள். நேரம் வேண்டிய இடத்தில் எண்ணிக்கையை 10-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இடப்பற்றாக்குறை. விளையாட்டு ஒன்றில் ஓடிய நொடிகளை 32 பிட் ஃப்ளோட்டில் வைத்து % கொண்டு அசைவைச் சுழற்றுகிறோம் என்று கொள்வோம். 131072 நொடியில், அதாவது 36 மணி 24 நிமிடம் 32 நொடியில், அடுத்தடுத்த ஃப்ளோட் எண்களின் இடைவெளி 1/64 நொடி. 60 சட்டக வேகத்தில் ஒரு சட்டகம் 1/60 நொடி. ஏறக்குறைய ஒரு சட்டகத்துக்கு ஓர் எண்தான் மிச்சம். அசைவு திக்கித் திக்கி நகரும். இங்கே மீதியைத் திருத்திப் பயனில்லை. ஒவ்வொரு சட்டகத்திலும் நேரம் சுற்றின் நீளத்தைத் தாண்டியதுமே கழித்துச் சிறிதாகவே வைத்திருங்கள், அல்லது டபுளுக்கு மாறுங்கள்.

டபுளுக்கும் எல்லை உண்டு. 2⁵²-க்கு மேல் தசமப் பகுதியே இல்லை. % 1 எப்போதும் 0. 2⁵³-க்கு மேல் எல்லாமே இரட்டை எண். ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740993 % 2 என்று கேட்டால் 0 வரும், ஏனெனில் அந்த ஒற்றை எண் சேமிக்கும்போதே 9007199254740992 ஆகிவிட்டது. பிக்இன்ட் வகையில் கேட்டால் 1.

ரேடியனில் % 2π போடுபவர்கள் கவனிக்க: டபுளில் உள்ள 2π உண்மையானதைவிடச் சுமார் 2.45 × 10⁻¹⁶ குறைவு. 10⁹ சுற்றுக்குப் பிறகு கோணம் 2.4 × 10⁻⁷ ரேடியன் நகர்ந்திருக்கும். சைன் எடுப்பதற்காகத்தான் சுருக்குகிறீர்கள் என்றால் சுருக்கவே வேண்டாம். நல்ல கணித நூலகங்களின் சைன் சார்பு π-இன் இன்னும் பல இலக்கங்களை வைத்து உள்ளேயே சுருக்கிக்கொள்ளும்.

அறிகுறி: திரையில் −0

வெட்டும் முறையில் −4 % 2 தரும் மீதி பூச்சியம், ஆனால் வகுபடும் எண்ணின் குறியோடு. ஒப்பிட்டால் 0-க்குச் சமம் என்றே சொல்லும். அச்சிலும், அதை வைத்து 1-ஐ வகுக்கும்போதும்தான் முகம் காட்டும். வந்த மீதியோடு 0-ஐக் கூட்டினால் கழித்தல் குறி போய்விடும்.